வயர் கொண்டுவருவதும் கொண்டுபோவதும்



கரண்டின் அருமை எங்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. 1990 இல் போர் மீண்டும் தொடங்கிய பின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரி கொண்டுவரவும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த கரண்டில் வானொலிச் செய்தி கேட்டோம். அந்த டைனமோ வயருக்கு ஒரு வேலைதான் தெரியும். கரண்டைக் கொண்டுவரும், வேறெதையும் கொண்டுபோகாது. இன்று எங்கள் கைத்தொலைபேசியில் கொழுவுகின்ற வயர் அப்படிப்பட்டதல்ல. இதை நான் ஒரு அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன்.

சில காலத்துக்கு முன், காணாமற்போன தன் மகனைப் பற்றிய விண்ணப்பம் ஒன்றுக்குப் பிரதி எடுப்பதற்காக அந்த அம்மா போனபோது நானும் துணைக்குப் போயிருந்தேன். கடையில் வரிசை. காத்திருக்கும்போது அவருடைய போனில் சார்ஜ் முடியும் நிலைக்கு வந்துவிட்டது. கடையில் நின்ற தம்பி நல்ல மனத்தோடு, “இஞ்ச தாங்கோ அம்மா, கொம்பியூட்டரிலை கொழுவி விடுறன்” என்றார். கொழுவியதும் போன் திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. “என்ன பிள்ளை கேக்குது?” என்று அம்மா என்னிடம் கேட்டார். நான் ஒழுங்காக வாசிக்காமலே, “ஓமெண்டு அமத்துங்கோ அம்மா” என்றேன்.

சற்று நேரத்தில் கணினித் திரையில் அம்மாவின் படங்கள் வரிசையாக விரிந்தன. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு மகன். அடையாள அட்டை. வங்கிப் புத்தகத்தின் முதற் பக்கம். ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த கடிதங்கள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தத் தம்பி பதறிப்போய் மூடிவிட்டார், அவரில் பிழையில்லை. திரும்பி வரும்போது அம்மா சொன்னது இவ்வளவுதான்: “பிள்ளையின்ர படத்தை ஆரும் பாக்கட்டும், அதுக்குத்தானே கொண்டு திரியிறன். ஆனா ஆருக்குக் காட்டிறதெண்டு நான்தானே சொல்லவேணும்.”

பிழை என்னுடையது. ஆகவே அதன் பிறகு விசாரித்தும் வாசித்தும் அறிந்தவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

யூ.எஸ்.பி. என்னும் இணைப்பு முறை 1996 இல் வந்தது. கணினியோடு மற்றக் கருவிகளை இணைத்துத் தகவல் பரிமாறுவதற்காகவே அதை உருவாக்கினார்கள். கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் போடுவது பின்னர் வந்து சேர்ந்த வேலை. பழைய வகை வயர் ஒன்றை வெட்டிப் பார்த்தால் உள்ளே நான்கு சிறு கம்பிகள் இருக்கும். வழமையாகச் சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு. பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. ஒரே வயர் ஒரு பக்கம் கரண்டைத் தந்துகொண்டு, மறுபக்கம் எங்கள் படங்களை எடுத்துச் செல்லவும் முடியும்.

2011 இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் இலவசமாகச் சார்ஜ் போடும் பெட்டி ஒன்றை வைத்தார்கள். போனைக் கொழுவியவர்களுக்கு, “இப்படி நம்பிக் கொழுவாதீர்கள்” என்ற எச்சரிக்கை அதன் திரையில் வந்தது. 2013 இல் ஜோர்ஜியா தொழில்நுட்பக் கல்லூரி ஆய்வாளர்கள், சார்ஜர் போலத் தோன்றும் கருவியால் ஐபோனுக்குள் ஒரு நிமிடத்துக்குள் தீய மென்பொருளைப் புகுத்தலாம் என்று காட்டினார்கள். அதே ஆண்டிலிருந்து, “இந்தக் கணினியை நம்புகிறீர்களா?” என்று ஐபோன் கேட்கத் தொடங்கியது. மற்றப் போன்களிலும் இப்படியான காவல் வந்தது. அந்தக் கேள்விதான் எங்கள் வீட்டுப் படலை. திறப்பதும் சாத்துவதும் வீட்டுக்காரியின் கையில். நான் அன்று அந்த அம்மாவின் படலையைத் திறந்துவிட்டேன்.

இதற்காகப் பயந்து நடுங்கவும் வேண்டியதில்லை. பொது இடத்துச் சார்ஜரால் நடப்பதாகச் சொல்லப்படும் திருட்டில் பெரும்பாலும் ஆய்வாளர்கள் செய்து காட்டியவையே இருக்கின்றன. எங்களுக்கு அதைவிடக் கிட்டிய ஆபத்து, பிறருடைய கணினியில் கொழுவிவிட்டு விளங்காத கேள்விக்கு “ஓம்” சொல்வதுதான். 2022 இல் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது கரண்ட் இருந்த இடமெல்லாம் போனைக் கொழுவினோம். அப்படி ஓர் அவசரம் இனியும் வரலாம். ஆகவே சிலவற்றைப் பழக்கமாக்கிக்கொள்வோம்.

வெளியே போகும்போது சொந்த வயரோடு சார்ஜரையும் கைப்பையில் வையுங்கள். சுவரிலுள்ள பிளக்கில் அதைப் போட்டால் கரண்ட் மட்டுமே வரும். தூரப் பயணத்துக்குப் பவர் பாங்க் இருந்தால், பஸ்ஸிலுள்ள யூ.எஸ்.பி. துளையைத் தேட வேண்டியதில்லை.

கணினியில்தான் கொழுவவேண்டுமென்றால் முதலில் போனைப் பூட்டுங்கள். திறக்கும் இலக்கத்தை எவருக்கும் சொல்லவேண்டாம். கேள்வி வந்தால் “வேண்டாம்” என்பதே பதில். சார்ஜ் ஏறுவது அதனால் நிற்காது.

போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றிவிடுங்கள். பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிட வேலை. கேட்பது என்னவென்று எங்களுக்கே விளங்கும். போன் கேட்கும் புதுப்பிப்புகளையும் செய்துவிடுங்கள். பூட்டு உடைக்கும் வழிகளை 2025 இலும் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அவற்றை அடைப்பதற்கே புதுப்பிப்பு வருகிறது.

இன்னொன்று. பிள்ளையின் படமும் கடிதங்களும் போனில் மட்டும் இருக்கவேண்டாம். கடதாசிப் பிரதி ஒன்றைக் கோவையில் வையுங்கள். நம்பிக்கையான உறவினர் ஒருவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். போன் உடைந்தாலும் தொலைந்தாலும் அவை தொலையக்கூடாது.

உங்கள் படத்தை யாராவது எடுத்து வைத்து மிரட்டினால் வெட்கப்பட்டு ஒளிக்கவேண்டாம். அனுமதியின்றிப் பிறர் கருவிக்குள் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பொலிசிலும் முறையிடலாம்.

அந்த அம்மாவின் போனை நான் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தேன். போன கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சார்ஜ் இறங்கியிருந்தது. என் மகளின் கணினியைக் காட்டி, “இதிலை கொழுவுங்கோ அம்மா” என்றேன். கேள்வி வந்தது. கண்ணாடியைப் போட்டு, எழுத்துக் கூட்டி வாசித்து, “வேண்டாம்” என்பதை அமத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த மாதம் சந்திப்போம்.