மதர்போட் போயிட்டாம்!

எங்கட ஊர்களில் வீட்டுக் கம்பியூட்டர் மக்கர் பண்ணினால் இரண்டே இரண்டு தீர்ப்புகள்தான். ஒன்று, "போமட் அடிக்கணும்". மற்றது, "மதர்போட் போயிட்டு". விசாரணை என்று ஒன்று நடப்பதே இல்லை, நேரே தீர்ப்பு.

கத்தாரில் இருக்கும் வாப்பா மாதக்கணக்கில் மிச்சம் பிடித்து அனுப்பிய காசில் வாங்கிய மெசின். பிள்ளை உயர்தரம் படிக்கிறது. வேலை செய்துகொண்டிருக்கும்போதே திடீரென்று ஓஃப் ஆகிறது. இன்னொரு நாள் திரை அப்படியே உறைந்து நிற்கிறது, மவுஸ் அசையாது. உம்மா த்ரீவீலில் ஏற்றிக் கடைக்குக் கொண்டு போகிறார். மாலையில் போமட் அடித்துத் தருகிறார்கள். இரண்டு கிழமை ஓடும். பிறகு பழையபடி. பிள்ளையின் செயற்றிட்டமும், மௌத்தான உம்மம்மாவின் போட்டோக்களும் மட்டும் திரும்பி வராது.

போமட் என்பது மென்பொருளைக் கழுவித் துடைக்கும் வேலை. சூட்டினாலோ, ரேமினாலோ, மின்சாரத்தினாலோ வரும் நோய்க்கு அது மருந்தே அல்ல. சாகக் கிடக்கும் ஹாட் டிஸ்க் என்றால் இன்னும் மோசம். புதிதாக முழுவதையும் எழுதுகின்ற அந்தப் பாரத்திலேயே அதன் உயிர் போய்விடலாம். ஆகவே மெசின் ஆட்டம் காணத் தொடங்கினால் முதல் வேலை திருத்துவது அல்ல, பிரதி எடுப்பது. பென் டிரைவோ வெளி டிஸ்க்கோ எதுவானாலும் பரவாயில்லை. அது முடியும்வரை வேறு எதையும் தொடக் கூடாது.

அடுத்தது, 'எப்போது?' என்ற கேள்வி. காய்ச்சல் என்று டொக்டரிடம் போனால் எத்தனை நாள், இரவிலா பகலிலா என்று கேட்பார் அல்லவா? கம்பியூட்டருக்கு யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஒரு பழைய கொப்பியில் திகதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்று ஒரு கிழமைக்கு எழுதி வைத்தால் பாதிப் பதில் அதிலேயே இருக்கும். போட்டு இருபது நிமிடத்தில் ஓஃப் ஆகி, ஆறவிட்டால் மீண்டும் வேலை செய்கிறதா? சூட்டைச் சந்தேகியுங்கள். தண்ணி மோட்டர் போடும் நேரம் பார்த்து ரீஸ்டார்ட் ஆகிறதா? மின்சாரம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு நீலத் திரை வருகிறதா? பெரும்பாலும் ரேம். டிஸ்க் லைட் விடாமல் எரிய, சில நிமிடம் உறைந்துவிட்டுப் பிறகு தானாக உயிர் வருகிறதா? ஹாட் டிஸ்க், அல்லது அதன் கேபிள். கேபிள் விலை குறைந்தது, முதலில் அதை மாற்றிப் பார்க்கலாம்.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கரையோர ஊர்களில் மணலும் உப்புக் காற்றும் சேர்ந்து மெசினுக்குள் ஒரு கம்பளமே நெய்துவிடும். ஃபேன் சுற்றுவது கண்ணுக்குத் தெரியும், ஆனால் அதற்குக் கீழே உள்ள அலுமினியத் தகடுகளுக்கிடையே தூசு அடைத்திருப்பதால் காற்றுப் போகாது. வயரைக் கழற்றி, வெளியே கொண்டுபோய், பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டி எடுக்கலாம். அப்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்டெல் மெசின்களுடன் வரும் சாதாரண கூலரை நான்கு பிளாஸ்டிக் ஊசிகள்தான் பிடித்திருக்கும். அதில் ஒன்று கழன்றாலே கூலர் ஒரு பக்கம் சாய்ந்து, புரொசஸரோடு ஒட்டாமல் நிற்கும். பல வருடம் ஓடிய மெசினில் இடையிலுள்ள பசையும் காய்ந்து பொடியாகி இருக்கும். பயோஸுக்குள் போனால் புரொசஸரின் சூடு எழுதியிருக்கும். எந்த வேலையும் இல்லாமல் சும்மா நிற்கும்போதே அது 80 பாகையைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் மதர்போட்டை ஏன் குறை சொல்வான்?

ரேம் விடயம் அதைவிட எளிது. கழற்றுவதற்கு முன் கேஸின் இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்னை இறக்கிவிடுங்கள். ரேமின் தங்க நிறப் பற்களை வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டி, 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அமத்திப் பூட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். பிறகு மற்றதைப் போட்டு ஒரு நாள். விண்டோஸிலேயே நினைவகச் சோதனை இருக்கிறது, மெம்டெஸ்ட் என்று இலவச மென்பொருளும் இருக்கிறது. இரவு படுக்கப் போகும்போது போட்டுவிட்டால் போதும். ஒரேயொரு பிழை காட்டினாலும் அந்த ரேமை நம்ப வேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதில் நாம் பிடிவாதமாக இருக்கிறோம். ரேமும் மாற்றி, பவர் சப்ளையும் மாற்றி, விண்டோஸும் புதிதாகப் போட்டு மெசின் சரியானால், எதனால் சரியானது? ஒருவருக்கும் தெரியாது. காசு மட்டும் மூன்றுக்கும் போயிருக்கும்.

மின்சாரத்துக்கு வருவோம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததையும், 2025 பெப்ரவரி 9 அன்று முழு நாடும் இருண்டதையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். கரண்ட் போகும்போதைவிட வரும்போதுதான் ஆபத்து. போனவுடன் ப்ளக்கைக் கழற்றிவிட வேண்டும். நமது வீடுகளில் இன்னொரு பழக்கமும் உண்டு. 13 அம்பியர் சொக்கெட்டின் மேல் ஓட்டைக்குள் பேனையைக் குத்தி, இரண்டு கால் ப்ளக்கைச் செருகுவது. கம்பியூட்டர் வயரையும் ஏதோ ஒரு அடப்டரில் மாட்டி அப்படியே செருகினால் ஏர்த் இணைப்பே இருக்காது. கேஸைத் தொட்டால் விறுவிறு என்று இருப்பது அதனால்தான். "சும்மா சின்ன ஷொக்தான்" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கிற விசயம் அல்ல அது. இன்னொன்று, பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் யாரும் வீட்டில் திறக்க வேண்டாம். வயரைக் கழற்றிய பிறகும் உள்ளே மின் தேங்கி நிற்கும். நண்பரின் வீட்டிலிருந்து நல்லதொன்றை வாங்கி மாட்டிப் பார்ப்பதே சரியான சோதனை.

சில கடைகளில் விண்டோஸ் பதிவேட்டில் 41 என்ற எண்ணைக் காட்டி "இதோ, பவர் சப்ளை பழுதென்று கம்பியூட்டரே சொல்லுது" என்பார்கள். அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: மெசின் ஒழுங்காக ஓஃப் ஆகாமல் நின்று மீண்டும் தொடங்கியது. ஏன் என்று அது சொல்வதில்லை. திகதி பல வருடம் பின்னால் போய், எந்த இணையத்தளமும் திறக்காமல் "பாதுகாப்பற்றது" என்று வந்தால், ரவுட்டரை மாற்றச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். மதர்போட்டில் இருக்கும் 3 வோல்ட் பொத்தான் பற்றரியை மாற்றி, திகதியைச் சரி செய்தால் வேலை முடிந்தது.

இதை வைத்து ரிப்பெயார் கடைக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று யாரும் கொமெண்ட் போட வேண்டாம். குற்றத்தின் பெரும்பங்கு வாடிக்கையாளரிடம் இருக்கிறது என்பதே எமது கருத்து. ஒரு தம்பி மூன்று மணித்தியாலம் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டி, "ரேம் சரியாகப் பூட்டியில்லை நானா, வேறொன்றும் இல்லை" என்று சொன்னால் அவருக்கு எத்தனை பேர் காசு கொடுக்கிறார்கள்? "சும்மா கழற்றிப் பூட்டினதுக்குமா காசு?" என்று கேட்கிறார்கள். அதே ஆள் ஒரு பாகத்தை மாற்றிக் கையில் பில்லைக் கொடுத்தால் பேசாமல் கொடுக்கிறார்கள். பழுதைக் கண்டுபிடிக்கும் வேலைக்குக் கூலி இல்லாத ஊரில் பாகம் விற்பவர்தான் பிழைப்பார். முதலிலேயே "பார்ப்பதற்கு எவ்வளவு?" என்று கேட்டுக் கொடுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்கிறோம். நமது வீட்டுப் பெண்களின் கல்யாணப் போட்டோ, வீடியோ எல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது. பாஸ்வேர்டையும் துண்டில் எழதி ஒட்டிக் கடையில் வைத்துவிட்டு வருகிறார்கள். கொழுவி இருக்கும் இரண்டு வயரையும் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினால் டிஸ்க் கைக்கு வந்துவிடும். சூடு, ரேம், பவர் பிரச்சினை பார்ப்பதற்கு உங்கள் டிஸ்க் தேவையே இல்லை, கடைக்காரர் தன்னிடமுள்ளதைப் போட்டுச் சோதிக்கலாம்.

சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் மையச் செயற்பாட்டு அலகு என்றால் என்னவென்று பிழையில்லாமல் எழுதுகிறார்கள். கேஸைத் திறந்து "எது அது?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். ஆய்வுகூடத்து மெசின்களுக்குத் துணி போர்த்தி வைத்து, கை பட்டாலே பழுதாகிவிடும் என்று பயமுறுத்தினால் வேறென்ன நடக்கும்? பெண் பிள்ளைகள் நிச்சயம் இதைப் படிக்க வேண்டும். வாப்பா வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த ஒரு மகள் இருந்தால் த்ரீவீல் காசே மிச்சம்.

அதனால் ஒரு வேண்டுகோள். வீட்டு மூலையில் ஒன்றுக்கும் உதவாது என்று கிடக்கும் பழைய மெசின்கள் இருந்தால் கொமெண்டில் சொல்லுங்கள். இறந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, இறந்ததுதான் நல்லது, பிள்ளைகள் பயமின்றிக் கழற்றிப் பூட்டிப் பழகலாம். சனிக்கிழமை காலையில் நாமே வந்து எடுத்துக்கொள்வோம். ஹாட் டிஸ்க்கை மட்டும் கழற்றி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.