பொருத்தம் பார்த்து வாங்குவோம்



2025-ஆம் ஆண்டு கோடையில் ஒரு மாலை, தீர்த்தமலை அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தந்தை நம்மைத் தேடி வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதனுள் கடைச் சீட்டுகள். “சாமி, பையன் ஓசூர்க் கம்பெனியில் எட்டு மாதம் வேலை பார்த்துச் சேர்த்த பணம். நாற்பதாயிரத்துக்குக் கம்ப்யூட்டர் சாமான் வாங்கி வந்து தானே பூட்டினான். விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் வரவில்லை. மூன்று நாளாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு தடவை வந்து பாருங்கள்” என்றார்.

பங்கு அலுவலகக் கணினியை நாமே திறந்து மூடிப் பழகியவர்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பது தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கணினிக்குக் கூடுதல் நினைவகம் வாங்கி வந்தோம். பலகையிலுள்ள பள்ளத்தில் அது இறங்கவில்லை. வலிந்து அழுத்தினோம், ‘கிறீச்’ என்றது, கையை எடுத்துவிட்டோம். பலகை கேட்டது ஒரு தலைமுறை நினைவகம். நாம் வாங்கியது வேறு தலைமுறை. கேட்டு வாங்காதது நம் குற்றமேயன்றி யாருடைய குற்றமும் அன்று. எனவே அந்த இளைஞனைக் கடிந்துகொள்ளும் தகுதி நமக்கு இல்லை என்ற உணர்வோடுதான் புறப்பட்டோம்.

அவன் வீட்டில் கண்டது இது. செயலியைப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கியிருக்கிறான். சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, அப்படிப் பெங்களூருக்கு அந்தச் சாலை. தாய்ப்பலகையை அஞ்சலில் வரவழைத்திருக்கிறான். நினைவகம் இன்னொரு கடையில். ஒவ்வொன்றும் நல்ல பொருள். ஒவ்வொன்றும் நியாயமான விலை. ஆயினும் ஒன்று மற்றொன்றை அறியவில்லை! பலகை டி.டி.ஆர்.4 நினைவகம் கேட்பது. அவன் வாங்கியதோ டி.டி.ஆர்.5. கடைக்காரர் பெட்டி பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கவே, வேறொன்று வாங்கிப் பூட்டியிருக்கிறான். அதன் பிறகும் திரை இருண்டே கிடந்தது. செயலியின் பெட்டியைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். ‘இன்டெல் ஐ5 12400எஃப்’ என்றிருந்தது. அந்தக் கடைசி எழுத்தாகிய ‘எஃப்’தான் மூன்று நாள் சோற்றைத் தடுத்தது.

அது என்ன என்பதைப் பின்னர்க் கூறுவோம். அதற்கு முன் பெற்றோருக்கு ஒரு சொல். “விளையாடுவதற்கா இவ்வளவு பணம்?” என்று நீங்கள் கேட்பது நியாயமே. ‘கேம்’ என்ற சொல் காதில் விழுந்தவுடன் சீட்டாட்டத்தில் பணம் இழந்தவர்களின் செய்தி நினைவுக்கு வருவதும் இயல்பே. ஆனால் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு வேறு, இது வேறு. முன்னதைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இளைஞர்கள் பூட்ட விரும்பும் கணினி, பந்தாட்டமும் கார்ப் பந்தயமும் ஓடும் பெட்டி. அதே பெட்டியில் பாடமும் கணக்கும் படத்தொகுப்பும் ஓடும். 2011 முதல் அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினி இருக்கிறதே என்பீர்கள். பெரும்பாலான மடிக்கணினிகளில் வரைகலைப் பகுதி பலகையோடு பற்றவைக்கப்பட்டது. பின்னாளில் மாற்ற இயலாது. மேசைக் கணினியிலோ உறுப்புகளைத் தனித்தனியே மாற்றலாம். அதன் சிறப்பும் அதுவே. அதன் சிக்கலும் அதுவே.

இனி, முதன்முதலாகக் குறைந்த செலவில் கணினி பூட்ட எண்ணும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்காக, பொருத்தம் பார்க்கும் முறையை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது, எந்த விளையாட்டு, எந்தத் திரை என்பதை முடிவு செய்யவேண்டும். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும். 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட சாதாரணத் திரையில் ஆடப்போகிறவன், அதைவிட நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட திரைக்குரிய வரைகலை அட்டையை வாங்குவது வீண். மொத்தத் தொகையை ஒரு தாளில் மேலே எழுதி, திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றின் விலையை முதலில் கழித்துவிடுங்கள். எஞ்சியதே பெட்டிக்கான பணம்.

இரண்டாவது, செயலியும் தாய்ப்பலகையும். செயலி அமரும் இடத்தைச் சாக்கெட் என்பர். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 சாக்கெட்டில் செயலியின் அடியில் ஊசிகள் இருக்கும். 2022-இல் வந்த ஏ.எம்.5-இல் ஊசிகள் பலகையில் இருக்கும். ஒன்றில் மற்றொன்று அமராது. இன்டெல்லின் 12, 13, 14-ஆம் தலைமுறை மேசைச் செயலிகளுக்கு எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட், 2024-இல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்.ஜி.ஏ. 1851. சாக்கெட் ஒத்தால் மட்டும் போதாது. 2018-இல் வந்த பி450 வகைப் பலகைகளில் ரைசன் 5000 வரிசைச் செயலி அமரும். ஆனால் பலகையின் பயாஸ் என்னும் உள்நிரலைப் புதுப்பிக்காவிடில் திரை வராது. பலகை செய்த நிறுவனத்தின் இணையத்தளத்தில், எந்தச் செயலியை எந்தப் பயாஸ் பதிப்பு முதல் ஏற்கும் என்ற பட்டியல் இருக்கும். பணம் கொடுக்கும் முன் அதைப் பார்ப்பது பத்து நிமிட வேலை.

மூன்றாவது, நினைவகம். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டுக்கும் 288 முனைகளே, நீளமும் ஒன்றே. ஆனால் நடுவிலுள்ள வெட்டு வேறிடத்தில் இருக்கும். தவறாக வாங்கியவனைத் தடுப்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஏ.எம்.4-க்கு டி.டி.ஆர்.4 மட்டும், ஏ.எம்.5-க்கு டி.டி.ஆர்.5 மட்டும். எல்.ஜி.ஏ. 1700-க்கோ இரு வகைப் பலகைகளும் உண்டு. நம் இளைஞன் இடறியது இங்கேதான். பலகையின் பெயரோடு எந்த நினைவகம் என்பதையும் படித்து வாங்கவேண்டும். மேலும், 16 ஜி.பி. ஒற்றைத் துண்டைக் காட்டிலும் 8 ஜி.பி. துண்டுகள் இரண்டு விரைந்து இயங்கும். தனி வரைகலை அட்டை இல்லாத கணினிக்கு இது மிகவும் முக்கியம். அங்கே படம் வரையும் பகுதியும் அதே நினைவகத்திலிருந்துதான் எடுத்து உண்கிறது.

நான்காவது, வரைகலை. இங்கேதான் அந்த ‘எஃப்’ வருகிறது. இன்டெல் செயலியின் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் அதனுள் படம் வரையும் பகுதி இயங்காது. அதனால்தான் விலை குறைவு. தனி வரைகலை அட்டை போடுகிறவனுக்கு அது இலாபம்; போடாதவனுக்கு இருட்டு. ரைசன் 5 5600-க்கும் அப்படியே. ரைசன் 5 5600ஜி-யிலோ வரைகலை உள்ளேயே உண்டு. ஆகவே ஏழைக் குடும்பத்துக்கு இரண்டு வழிகள் எனலாம். ஒன்று, வரைகலை உள்ளடங்கிய செயலியை இன்று வாங்கி எளிய விளையாட்டுகளோடு நிறைவுகொண்டு, அட்டையைப் பின்னர்ச் சேர்ப்பது. மற்றொன்று, முழுத் தொகையும் சேரும்வரை பொறுத்து, வரைகலை இல்லாத செயலியையும் அட்டையையும் ஒருசேர வாங்குவது. இரண்டுக்கும் நடுவே நின்று ஒரு காலை அங்கும் ஒரு காலை இங்கும் வைத்ததே நம் இளைஞனின் பிழை.

அட்டையிலும் பொருத்தம் உண்டு. ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. என்னும் மலிவான அட்டை 2022-இல் வந்தது. அது பலகையோடு பேசுவதற்கு நான்கு தடங்களே வைத்திருக்கிறது. நான்காம் தலைமுறை பி.சி.ஐ. இணைப்பில் அது ஒருவாறு போதும். மூன்றாம் தலைமுறை இணைப்பில் வேகம் குன்றும். 5600ஜி செயலி தருவதோ மூன்றாம் தலைமுறை இணைப்புத்தான். இரண்டையும் மலிவு என்று சேர்த்து வாங்கினால் கொடுத்த காசுக்கு உரிய பயன் வராது. திரைக்கம்பியையும் பலகையில் அன்றி அட்டையில் செருகவேண்டும் என்பதை மறவாதீர்கள்.

ஐந்தாவது, மின்வழங்கி. கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். என்பர். யானை வாங்கினவன் அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதை இங்கே நாள்தோறும் நடக்கிறது. கேபினெட்டோடு இனாமாக வரும் எஸ்.எம்.பி.எஸ். மேல் ‘450 வாட்’ என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அதை நம்பாதீர்கள், பக்கவாட்டிலுள்ள அட்டவணையைப் படியுங்கள். செயலியும் வரைகலை அட்டையும் உண்பது 12 வோல்ட் மின்சாரத்தை. அந்த வரிசையில் 18 ஆம்பியர் என்றிருந்தால், 12-ஐ 18-ஆல் பெருக்க 216 வாட்தான். நம் இளைஞனின் செயலி உச்சத்தில் 117 வாட் இழுக்கும், ஆர்.எக்ஸ். 6600 போன்ற அட்டை 132 வாட். பிற உறுப்புகளுக்கு 50 வாட். கூட்டினால் ஏறத்தாழ 300. அந்த அட்டைக்கு 450 வாட் நல்ல மின்வழங்கி வேண்டுமென்று அதைச் செய்த நிறுவனமே கூறுகிறது. ‘80 பிளஸ்’ முத்திரையும் அட்டைக்குரிய எட்டு முனை இணைப்பும் உள்ளதாகப் பாருங்கள். மின்சாரம் அடிக்கடி ஏறி இறங்கும் சிற்றூர்களில் இது ஆடம்பரம் அன்று. மூன்று முள் செருகிக்கு எர்த் இணைப்பு உண்டா என்பதையும் மின்பணியாளரைக் கொண்டு சோதிப்பது நலம். 300 வாட் வீதம் நாளுக்கு மூன்று மணி நேரம் ஆடினால் 0.9 யூனிட்; அறுபது நாளைக்கு 54 யூனிட். இந்தக் கணக்கையும் பிள்ளையே போடட்டும்.

ஆறாவது, பெட்டியும் திரையும். ஏ.டி.எக்ஸ். பலகை 305-க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244-க்கு 244. சிறிய கேபினெட்டில் பெரிய பலகை புகாது. வரைகலை அட்டையின் நீளத்தையும் கேபினெட் ஏற்கும் நீளத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். நம் பக்கத்துக் கோடை வெயிலுக்கு, முகப்பில் கண்ணாடி பதித்த அழகுப் பெட்டியைவிடக் காற்றுப் புகும் வலைமுகப் பெட்டியே ஏற்றது. ஆனால் தூசியை மாதம் ஒருமுறை துடைக்கவேண்டும். மாமா கொடுத்த பழைய திரையில் வி.ஜி.ஏ. துளை மட்டுமே இருந்தால், புதிய அட்டைகளில் அது இராது, எச்.டி.எம்.ஐ. வழியிலிருந்து மாற்றித்தரும் சிறு கருவி வாங்கவேண்டும். எஸ்.எஸ்.டி. வட்டிலும் எச்சரிக்கை வேண்டும்: ஒரே பட்டை வடிவில் சாட்டா, என்.வி.எம்.இ. என்று இரு வகை உண்டு; பலகை எதை ஏற்கும் என்று கேளுங்கள்.

ஏழாவது, பழைய பொருள். மலிவாகக் கிடைக்கிறதே என்று மிகப் பழைய செயலியை வாங்குவோர் உளர். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய செயலிகளுள் மிகப் பெரும்பாலானவற்றை அது ஏற்பதில்லை. சில போட்டி விளையாட்டுகளும் அந்த ஏற்பாடு இன்றித் திறப்பதில்லை. பழையதாயினும் புதியதாயினும் வரிச்சீட்டு இன்றி வாங்காதீர்கள்.

இத்தனையும் ஒரே தாளில் அடங்கும். பொருளின் பெயர், சாக்கெட், நினைவக வகை, வாட், நீளம் என்று கட்டம் போட்டு எழுதி, ஒவ்வொரு வரியையும் மற்ற வரிகளோடு ஒப்பிட்ட பிறகே பணத்தை எடுக்கவேண்டும். முடிந்தவரை எல்லாவற்றையும் ஒரே கடையில், அங்கேயே ஒருமுறை இயக்கிக் காட்டச் சொல்லி வாங்குவது மேல். நூறு இருநூறு கூடினாலும் கவலையில்லை. பேருந்துச் செலவை எண்ணிப் பாருங்கள்.

அந்த இளைஞனின் கணினி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். வரைகலை அட்டைக்கும் தகுந்த மின்வழங்கிக்கும் பணம் இல்லை. பழைய வேட்டித் துணியால் பெட்டியை மூடிவைத்துவிட்டு மீண்டும் ஓசூருக்குப் போனான். ஐந்து மாதம் அது மூலையில் கிடந்தது. இதற்கிடையில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. அந்த ஆண்டின் இறுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான பெரும் கணினிக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொள்ள, உலகெங்கும் நினைவக விலை கடுமையாக ஏறியது. பயனின்றிக் கிடந்த டி.டி.ஆர்.5 துண்டை அவன் வாங்கிய விலைக்கு மேலேயே விற்றான்! அது அவன் திறமை அன்று என்பதை அவனே ஒப்புக்கொண்டான். அந்தப் பணமும் புதிய சம்பளமும் சேர்ந்து அட்டை வந்தது. இன்று திரை ஒளிர்கிறது. மாலையில் அவன் ஆடுகிறான். பகலில் தங்கை கல்லூரிக் கட்டுரை அடிக்கிறாள்.

ஆனால் அன்று அந்த இருண்ட திரையின் முன் அவன் தந்தை சொன்னதே நம் நெஞ்சில் நிற்கிறது. “பணம் போனது போகட்டும் சாமி. வாங்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எனக்கு ஒன்றும் தெரியாதுதான், கூடவாவது வந்திருப்பேன்.” மகன் தலைகுனிந்து, “விளையாடத்தான் என்றால் நீங்கள் விடமாட்டீர்கள் என்று நினைத்தேன்” என்றான். தந்தை நெடுநேரம் பேசவில்லை. “விட்டிருக்க மாட்டேன்தான்” என்றார் இறுதியில்.

அட்டை வாங்கும் நாளில் இருவரும் ஒன்றாகவே பெங்களூருக்குப் பேருந்து ஏறினார்கள். தாளைத் தந்தைதான் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

அடுத்த திங்களில் சந்திப்போம்.