இரயில் ஒன்று; வியன்னா இரண்டு!

ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பும் உல்லாசப் பயணிகள், வியன்னாவை விட்டுவைப்பதில்லை. ஆஸ்திரிய நாட்டின் தலைநகர்! ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் ஆட்சியைக் கண்ட நகர்! இசைக்கு ஒரு மண்டபம், ஓவியத்துக்கு ஒரு மாளிகை, மன்னருக்கு ஒரு சிலை என்று வீதிக்கு வீதி விழியை விரியச் செய்யும் நகர்!

போகட்டும், பார்க்கட்டும், பார்த்ததைப் பாராட்டட்டும். நமக்கு அதிலே வருத்தமில்லை. நாம் கேட்பது ஒன்றே ஒன்று: வியன்னாவைப் பார்த்துவிட்டேன் என்று பெருமை பேசுகிறாரே, அவர் எந்த வியன்னாவைப் பார்த்தார்?

பயணிகள் முதலில் போவது ஷோன்புருன் அரண்மனைக்கு. 1,441 அறைகள் கொண்ட அரண்மனை! பிரான்ஸ் ஜோசப் மன்னர் 1830-ல் பிறந்ததும் அங்கே; 1916-ல் கண்மூடியதும் அங்கே; இடையில் அரசாண்டது 68 ஆண்டுகள். அவர் படுத்த இரும்புக் கட்டிலைக் காட்டுகிறார்கள். "ஆகா! எத்தகைய எளிமை!" என்று உருகுகிறார்கள் பயணிகள்.

எளிமைதான், தோழரே! 1,441 அறைகளுக்கு நடுவே ஓர் இரும்புக் கட்டில்! அந்த எளியவர் ஏறி இறங்குவதற்கென்றே, அரண்மனைக்கு அருகே ஹீட்ஸிங்கில், தனியாக ஓர் இரயில் நிலையம் கட்டினார்கள். அதை அவர் பயன்படுத்தியது எத்தனை முறை? இரண்டே முறை!

அடுத்து, ரிங் சாலை. நகரைச் சுற்றியிருந்த பழைய மதிலை இடிக்கச் சொல்லி 1857-ல் மன்னர் ஆணையிட்டார். அந்த இடத்திலே அகன்ற சாலை அமைத்து, 1865-ம் ஆண்டு மே முதல் நாள் திறந்து வைத்தார். நாடாளுமன்றம், பல்கலைக் கழகம், இசை நாடக மன்றம், பொருட்காட்சி சாலைகள் - அத்தனையும் அங்கே அணிவகுத்து நிற்கின்றன. கட்டியவர் யார் என்று கேட்டால், கலை நிபுணர்களின் பெயரை அடுக்குகிறார்கள். செங்கல் அறுத்தவன் யார்? அவன் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது?

நகரின் தெற்கே வீனர்பெர்க் செங்கற் சூளைகள் இருந்தன. பிழைப்புத் தேடி வந்த செக் மக்கள் அங்கே குடும்பம் குடும்பமாக உழைத்தனர். 1888-ல் விக்டர் ஆட்லர் என்ற மருத்துவர் அந்தச் சூளைக்குள் இரகசியமாக நுழைந்து பார்த்தார்; பார்த்ததை 'சமத்துவம்' என்று பொருள்படும் தம் ஏட்டிலே எழுதினார். நாடு நடுங்கியது. கூலி என்று கொடுத்தது காசு அல்ல; தகர வில்லை! சூளையைச் சார்ந்த கடையைத் தவிர வேறெங்கும் அது செல்லாது. உழைப்பையும் அவர்களே வாங்கினர். கூலியையும் அவர்களே திரும்ப வாங்கிக் கொண்டனர்!

நகருக்குள் இருந்த தொழிலாளியாவது நிம்மதியாகத் தூங்கினானா? தண்ணீர்க் குழாய் தாழ்வாரத்தில். பல குடும்பங்களுக்கு அது ஒன்றுதான். வாடகை தர வழியற்றவன் அறையை அல்ல, படுக்கையைக் குத்தகைக்கு எடுத்தான் - அதுவும் சில மணி நேரத்துக்கு! ஒருவன் எழுந்து ஆலைக்குப் போவான்; இரவு வேலை முடித்தவன் வந்து அதே படுக்கையில் விழுவான். காசநோய்க்கு 'வியன்னா நோய்' என்றே பெயர் ஏற்பட்டது. மன்னரின் கட்டிலைக் காட்டுகிறவர்கள், இந்தக் கட்டிலைக் காட்டுவதில்லை!

இனி, இரண்டாவது வியன்னாவுக்கு வருவோம். அதற்கு வேறு வண்டி தேட வேண்டாம். ஷோன்புருனில் நிற்கும் அதே யு-4 நகர இரயிலில் ஏறி, மறுகோடியான ஹைலிகன்ஸ்டாட்டில் இறங்கினால் போதும். எதிரே, கோட்டையைப் போல் ஒரு குடியிருப்பு - ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம்! கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்று பெயர். 1927-ல் தொடங்கி 1930-ல் திறக்கப்பட்டது. 1,382 வீடுகள். மன்னருக்காக அல்ல, மந்திரிக்காக அல்ல, தொழிலாளிக்காகக் கட்டியவை!

எப்படி வந்தது இது? முடியாட்சி 1918-ல் முடிந்தது. 1919-ல் ஆணும் பெண்ணும் வாக்களித்து, நகராட்சியைச் சமூக ஜனநாயகக் கட்சியிடம் ஒப்படைத்தனர். நிதிப் பொறுப்பிலிருந்த ஹ்யூகோ பிரைட்னர், 1923-ல் வீட்டு வரி கொண்டு வந்தார். சிறு வீட்டுக்குச் சிறு வரி. மாளிகைக்குப் பெரு வரி! 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன.

வீடுகள் சிறியவைதான். தனிக் குளியலறை கிடையாது, பொதுக் குளியலறைதான். ஆனால் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. கழிப்பறை வீட்டுக்குள் வந்தது. முற்றத்தில் மரம் வளர்ந்தது. துணி வெளுக்கக் கூடம், குழந்தைக்குப் பள்ளி, படிக்க நூலகம் - எல்லாம் வாசலிலேயே!

ஆதிக்கக்காரர்கள் பொறுத்தார்களா? நாடாளுமன்றத்தை 1933-ல் முடக்கிய டால்ஃபுஸ் அரசு, 1934 பிப்ரவரியில் எதிர்த்தெழுந்த தொழிலாளர் மீது படையை ஏவிற்று. இந்தக் குடியிருப்பின் மீது பீரங்கி முழங்கிற்று. தாலாட்டுக் கேட்ட வீட்டிலே குண்டு வெடித்தது! மக்கள் தேர்ந்தெடுத்த மேயர் கார்ல் செய்ட்ஸ் சிறையில் தள்ளப்பட்டார். படுகாயமுற்றுக் கிடந்த செருப்புத் தொழிலாளி கார்ல் முனிக்ரைட்டரை, தூக்குப் படுக்கையிலேயே சுமந்து சென்று தூக்கிலிட்டார்கள். குடியிருப்பிலிருந்து மார்க்சின் பெயரையும் எடுத்தார்கள்.

பெயர் 1945-ல் திரும்பி வந்தது. கட்டடம் நிற்கிறது, மக்கள் வாழ்கிறார்கள். இன்று வியன்னா நகராட்சிக்குச் சொந்தமாகச் சுமார் 2,20,000 வீடுகள் உண்டு. நகராட்சி வீட்டிலோ, பொதுநிதி உதவி பெற்ற வீட்டிலோ நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் குடியிருக்கின்றனர்.

"ஓய்வுக்கு வந்த பயணிக்கு அரசியல் எதற்கு?" என்று சிலர் கேட்கக் கூடும். மன்னரின் எளிமையை மணிக்கணக்கில் புகழ்வது மட்டும் அரசியல் இல்லையா? அரண்மனையை இடிக்கச் சொல்லவில்லை நாம். அங்குள்ள ஒவ்வொரு தூணிலும் ஒரு தொழிலாளியின் திறமை இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் வேண்டும். பார்த்த கண்ணோடு இரயிலேறி, மறுகோடிக்கும் வரவேண்டும் என்கிறோம். அங்கே பழைய சலவைக் கூடம் ஒன்றில், 2010 முதல் இந்த வரலாற்றைக் காட்சியாக வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்துக் குடியிருப்புகள் பலவற்றின் முகப்பிலே, வீட்டு வரிப் பணத்தில் வியன்னா நகராட்சி கட்டியது என்று பெரிய எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். யார் பணத்தில் கட்டியது என்று எந்த அரண்மனையாவது தன் வாசலில் எழுதி வைத்ததுண்டா? வியன்னாவுக்குப் போகிறவர், அந்த எழுத்தையும் படித்துவிட்டு வரட்டும்!