'ஒனக்கு எழுத வரல'

தோழர் ஒருவரின் ஆய்வேட்டு இயல் எங்கள் முன் கிடக்கிறது. நாற்பத்திரண்டு பக்கம். சமூகவியல். தன் ஊரின் கூலி உறவுகளைப் பற்றி ஓராண்டு அலைந்து திரட்டியது. பக்கத்துக்குப் பக்கம் நெறியாளரின் சிவப்பு மை. ஒற்றுப்பிழைகளைச் சுழித்திருக்கிறார். சேரிப் பெண்கள் சொன்ன வார்த்தைகளை 'கொச்சை' என்று அடித்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில் 'நடை சரியில்லை, திருத்தி வரவும்' என்று கையெழுத்து. எதை, எப்படித் திருத்துவது? அதற்கு ஒரு வரி கிடையாது. நேரில் போய்க் கேட்டதற்கு, "ஒனக்கு எழுத வரலப்பா. நான் சோசியாலஜி வாத்தியாரு, தமிழ் டிபார்ட்மெண்ட்ல போய்க் கேளு" என்று பதில். அங்கே போனால், "ஒங்க சப்ஜெக்ட் எங்களுக்குத் தெரியாதே!"

ஆக, எழுதச் சொல்லிக்கொடுப்பது எந்தத் துறையின் வேலையும் இல்லை. ஆனால் எழுத்தைக் காட்டி ஆளை வெளியே தள்ளுவது மட்டும் எல்லாத் துறைகளின் வேலை.

'எழுத வரல' என்பதைப் பிறவி ஊனம் போலச் சொல்கிறார்கள். தாத்தா வக்கீல், அம்மா பேராசிரியை என்றிருக்கும் வீட்டில் சோத்துத் தட்டுக்கு முன்னால் நடக்கிற பேச்சே பாதி கட்டுரைதான். 'இதற்கு என்ன ஆதாரம்?', 'இன்னொருவர் வேறு மாதிரி சொல்கிறாரே?' என்றெல்லாம் கேட்டே வளர்கிற பிள்ளைக்கு வகுப்பில் யாரும் எழுத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்குப் பேர் திறமை. நம் பிள்ளைகளுக்கு இருப்பது கைடு. கடையில் விற்கிற கைடு ஒன்று, பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்திருக்கிற கைடு இன்னொன்று. முன்னது விடையைத் தரும், பின்னது சிவப்பு மையைத் தரும். எழுதக் கற்றுக்கொடுப்பது இரண்டும் இல்லை.

1916 மே மாதம் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில், பொருளாதாரம் படிக்கப் போயிருந்த ஒரு மாணவர் இந்தியச் சாதிகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். மறு ஆண்டே அது ஆய்விதழில் அச்சேறியது. அம்பேத்கரின் மேதைமையைப் பேசுகிறோம், சரி. ஒரு துறையின் ஆசிரியர் முன்னால், அந்தத் துறையின் வாதமுறையில் எழுதி, வாசித்து, கேள்விக்கு நின்று பதில் சொல்லும் ஏற்பாடு அங்கே இருந்தது என்பதையும் பேச வேண்டாமா?

அதே ஊரில், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இருபது தெரு வடக்கே, ஹார்லெமில் இருக்கிறது சிட்டி காலேஜ். 1847இல் இலவசக் கல்விக்கென்று தொடங்கியது. சுற்றிலும் கறுப்பர் வாழும் பகுதி, உள்ளே பெரும்பாலும் வெள்ளை முகம். 1969 ஏப்ரலில் கறுப்பின, போர்ட்டோரிக்க மாணவர்கள் ஐந்து கோரிக்கைகளோடு தென் வளாகத்தைக் கைப்பற்றினார்கள். இரண்டு வாரம் கதவைப் பூட்டி, 'ஹார்லெம் பல்கலைக்கழகம்' என்று பெயரும் வைத்தார்கள். விளைவு, 1975இல் பார்க்கலாம் என்றிருந்த திறந்த சேர்க்கை 1970இலேயே வந்தது. நகரப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளில், பள்ளிப் படிப்பை முடித்த நகரப் பிள்ளைகள் எல்லோருக்கும் இடம். (இதனால் உள்ளே வந்தவர்களில் வெள்ளை உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளும் ஏராளம். கறுப்பர் போராடித் திறந்த கதவு. நம்மூர் மண்டல் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.)

உடனே 'தரம் போச்சு' என்று கூப்பாடு. இது நமக்குப் பழகிய சத்தம்தான். அந்தக் கூப்பாட்டுக்கு நடுவே மைனா ஷானஸி என்ற ஆசிரியை ஒரு காரியம் செய்தார். புதிதாக வந்த மாணவர்கள் எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொண்டு, வரிவரியாகப் படித்தார். மதிப்பெண் போட இல்லை, பிழைகள் ஏன் வருகின்றன என்று பார்க்க. அவர் கண்டது இதுதான்: பிழைகள் தாறுமாறாக வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது, தானாக ஊகித்துக்கொண்ட ஒரு விதி இருக்கிறது. எழுத்து மொழியோடு பழக வாய்ப்பில்லாதவன் பேச்சையும் பாடநூலையும் ஒட்டவைத்து ஒரு பாலம் கட்டப் பார்க்கிறான், அந்த ஒட்டுதான் வாத்தியார் கண்ணுக்குப் பிழையாகத் தெரிகிறது. இது 1977இல் புத்தகமாக வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே வேறொன்றையும் எழுதியிருந்தார்: மாணவரைச் சீர்படுத்துவது பற்றியே பேசுகிறோம், சீர்பட வேண்டிய வாத்தியாரைப் பற்றி யார் பேசுவது? கோட்டைக்குக் காவல் நிற்பதில் தொடங்கும் ஆசிரியர் மெல்ல மெல்ல இறங்கி, கடைசியில் தானும் மாணவராகித் தண்ணீருக்குள் குதிக்க வேண்டும் என்றார்.

அவரிடமும் குறை உண்டு. கல்விக்கூட மொழி யாருடைய மொழி என்ற கேள்வியை அவர் போதுமான அளவு கேட்கவில்லை என்று பிற்பாடு விமர்சனம் வந்தது, அது நியாயம்தான். அதே கல்லூரியில் அதே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த கறுப்பினக் கவிஞர்கள் ஆட்ரி லார்டும் ஜூன் ஜோர்டனும் அந்தக் கேள்வியை உரக்கவே கேட்டார்கள். 1974இல் அமெரிக்கக் கல்லூரி எழுத்தாசிரியர்களின் மாநாட்டு அமைப்பே மாணவருக்குத் தம் சொந்த மொழியின் மேல் உரிமை உண்டு என்று தீர்மானம் போட்டது.

இதுவரை மொழித்துறையின் கதை. நம் சோசியாலஜி வாத்தியாரை என்ன செய்வது? அதற்கும் அதே எழுபதுகளில் வழி கண்டார்கள். அயோவாவின் சென்ட்ரல் காலேஜில் 1970வாக்கில் பார்பரா வால்வூர்டும், மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1977 முதல் டோபி ஃபுல்வைலரும் ஆர்ட் யங்கும் வேறு வேறு துறை ஆசிரியர்களை ஒரே அறையில் உட்கார வைத்தார்கள். மாணவரைப் பற்றிப் புலம்ப அல்ல, எழுத்தைப் பற்றிப் பேச. மிச்சிகனில் பொறியியல் பேராசிரியரும் பேனாவை எடுத்து எழுத வேண்டியிருந்தது. எழுதியதைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் வாசித்துக்காட்டவும் வேண்டும். வாசிக்கும்போது கை நடுங்கினால்தானே தெரியும், சிவப்பு மை எவ்வளவு கனம் என்று!

இப்படி உட்கார்ந்து பேசினால் தெரியவருவது பெரிய ரகசியம் எதுவுமில்லை. வரலாற்றுக்காரர் 'ஆதாரம்' என்பதும் வேதியியல்காரர் 'ஆதாரம்' என்பதும் ஒன்றல்ல. சோதனை அறிக்கையில் 'நான்' வரக்கூடாது என்பவர் ஒருவர், களஆய்வில் 'நான்' இல்லாவிட்டால் நம்பமாட்டேன் என்பவர் இன்னொருவர். இந்த விதிகளை எந்தத் தமிழ் வாத்தியாரும் சொல்லித்தர முடியாது, அந்தந்தத் துறைக்காரர்தான் சொல்லித்தர வேண்டும். செய்முறையும் எளியது. மதிப்பெண் இல்லாமல் வகுப்பில் ஐந்து நிமிடம் எழுதவிடுவது. ஒரே கட்டுரையை மூன்று முறை எழுத இடம் கொடுப்பது. நாற்பது பிழையைச் சுழிக்காமல், திரும்பத் திரும்ப வருகிற இரண்டை மட்டும் எடுத்துச் சொல்லி, வாதத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்பது. பிரிட்டனில் ஜேம்ஸ் பிரிட்டன் குழு 1975இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிப் பிள்ளைகளின் எழுத்தில் ஏறத்தாழ பாதி, திருத்தப்போகும் வாத்தியார் ஒருவருக்காகவே எழுதப்பட்டிருந்தது. நம்மூரில் எண்ணினால்? வேண்டாம்.

ஆனால் தோழர்களே, ஏமாறவும் கூடாது. நியூயார்க்கில் நெருக்கடி என்று சொல்லி 1976இல் இலவசக் கல்வியை ஒழித்துக் கட்டணம் வைத்தார்கள். நான்காண்டுப் பட்டக் கல்லூரிகளில் பின்தங்கி வரும் மாணவருக்கான அடிப்படை வகுப்புகளை முடிப்பதென்று 1998இல் முடிவெடுத்த அதே நிர்வாகம்தான், 1999இல் எல்லாத் துறையிலும் எழுத்து என்ற தீர்மானத்தையும் போட்டது. முனைவர் பட்ட மாணவர்களை ஒவ்வொரு கல்லூரிக்கும் அனுப்பிப் பேராசிரியர்களோடு உட்கார வைத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். வாசலில் ஒரு கதவை அடைத்துவிட்டு, உள்ளே இருப்பவர்களுக்கு நல்ல நாற்காலி போட்ட ஏற்பாடு.

இங்கே? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள், முனைவர் பட்ட மாணவர்கள் எல்லோரும் தம் துறை சார்ந்த கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன. மாணவருக்குப் பயிற்சி, சரி. கைடுக்கு?

இட ஒதுக்கீட்டில் உள்ளே நுழைவதோடு போராட்டம் முடிந்தது என்று நாமும் கொஞ்சம் அசந்துவிட்டோம். உதவித்தொகைக்கு மறியல் செய்கிறோம், விடுதிச் சோற்றுக்கு மறியல் செய்கிறோம். 'திருத்தி வரவும்' என்று எழுதுகிறவர் எப்படித் திருத்துவது என்றும் எழுதித்தர வேண்டும் என்று எந்த மாணவர் சங்கமாவது கோரிக்கை வைத்ததுண்டா?

மேலே சொன்ன தோழரின் இயலை ஆசிரியர் குழுவில் நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தோம். மூன்றாம் பக்கத்தில், அறுவடைக் கூலியை நெல்லாக அளக்கும்போது மரக்காலில் நடக்கிற மோசடியை ஒரு கிழவி விளக்குகிறார். 'கொச்சை' என்று அடிக்கப்பட்டிருப்பது அந்தப் பகுதிதான். இயலிலேயே வலுவான ஆதாரம் அது! அதை முன்னால் கொண்டுவந்து மீதியை அதற்குப் பின்னால் அடுக்கச் சொன்னோம். எழுதிக்கொண்டிருக்கிறார்.

உங்களிடமும் இப்படிச் சிவந்த பக்கங்கள் இருக்கும். பெயரை மறைத்து அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாக, துறைவாரியாக எடுத்துப் பேசலாம். மனம் வந்தால் நெறியாளர்களும் அனுப்பலாம், அவர்கள் மாணவராக இருந்தபோது எழுதிய முதல் படியை.