தேநீர் நிறமான போத்தல்

சென்ற வாரம் நமது மாணவி ஒருத்தி சிறு போத்தல் ஒன்றைக் கொணர்ந்து நம் மேசைமேல் வைத்தாள். "சேர், முகத்துக்குப் பூசுவதற்காக விற்றமின் சீ கரைசலை வீட்டிலே செய்தேன். பத்து நாளில் தேநீர் நிறமாகிவிட்டது. இனியும் பூசலாமா?" என்றாள். போத்தல் இருந்த இடத்தை வினவினோம். துறைமுகத்தை நோக்கிய யன்னற்படி என்றாள்.

அவளுக்குரிய விடை அத்துறைமுகத்தின் வரலாற்றோடு பிணைந்தது. பிரித்தானியர் திருகோணமலையைக் கைப்பற்றிய 1795ஆம் ஆண்டிலேதான், ஈறு வீங்கிக் குருதி கசியும் ஸ்கேவி நோயைத் தடுக்க, அவர்தம் கடற்படை மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு வழங்க இசைந்தது. அதற்கு முன்னரே, 1747இல், கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் நோயாளர் பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து ஆராய்ந்தார். நாளொன்றுக்கு இரண்டு தோடம்பழமும் ஓர் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். ஆயினும் அவரே சாற்றைச் சூடாக்கி வற்றச் செய்து சேமிக்கலாம் என்றும் எழுதினார். சேமித்த சாறு தன் குணத்தைப் பெரிதும் இழந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் காற்றுப்பட வைத்துச் செப்புக் குழாய் வழியே செலுத்திய தேசிக்காய்ச் சாறு அவ்வாறே கெட்டது.

காரணம் யாது? விற்றமின் சீ எனப்படும் அஸ்கோபிக் அமிலம் உலர்ந்த தூளாக இருக்கும்வரை நிலைத்திருக்கும். நீரில் கரைந்ததும் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் தாக்கமுற்றுச் சிதைகிறது. வெப்பமும் ஒளியும் செம்பு, இரும்புத் துகள்களும் அச்சிதைவை விரைவாக்கும். மஞ்சளும் கபிலமுமான நிறம் அதன் அறிகுறி.

ஆதலின் மருந்துச்சாலையில் தூய தூளை வாங்கி, நுண்ணிய தராசில் அரைக் கிராம் நிறுத்து, ஒன்பதரைக் கிராம் காய்ச்சி வடித்த நீரில் கரைக்க வேண்டும். அதுவே நூற்றுக்கு ஐந்து வீதக் கரைசல். பித்தளைச் செம்பும் இரும்புக் கரண்டியும் ஆகா. கபில நிறக் கண்ணாடிப் போத்தலை விளிம்புவரை நிரப்பி, இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல் வேண்டும். நான்கைந்து நாளில் எஞ்சியதைக் கொட்டிவிடுக. முதலில் முன்கையின் உட்புறத்தில் பூசிப் பார்த்து, எரிவு மிகுந்தால் கழுவி விட்டுவிடுக.

"அப்படியாயின் புதிதாய்ப் பிழிந்த தேசிச்சாற்றையே பூசலாமே?" என்றாள் மாணவி. அது பெருந்தவறு. தேசிக்காயிலுள்ள சில பொருள்கள் வெயிலோடு சேர்ந்து தோலைப் புண்ணாக்கும். கொப்புளம் எழும், கருந்தழும்பு வாரக்கணக்கில் மறையாது. நமது கடற்கரை வெயிலோ கடுமையானது. அழகு வேண்டிப் பூசியது அழகைக் கெடுக்கலாமா?

மாணவி போத்தலை வெளியே கொண்டுபோய்க் கொட்டினாள். புதிதாய்ச் செய்வதும், சிறிதாய்ச் செய்வதும், நிறம் மாறியதும் கைவிடுவதுமே இக்கலையின் சாரம். சந்தையிலே கொய்யாவும் நெல்லியும் கிடைக்கும் நாளில், முகத்தில் பூசுவதற்கு முன் வயிற்றுக்கு ஈவதும் நன்று.