ஓட்டத் தெரிந்தால் போதுமா? நிறுத்தத் தெரிய வேண்டாமா?

பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பம். ஓலைப் பந்தலுக்குக் கீழே ஒரு கார்!

கம்பெனிக் கார் அல்ல. வலை இழுக்கிற வீட்டுப் பிள்ளை ஒருவர் தானே வெல்டிங் அடித்துச் செய்கிற கார். தாழ்ந்த உடம்பு, இரண்டே சீட்டு. அசல் பந்தயக் கார் மாதிரி இருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைதான்!

"இன்னா ஸ்பீடு போவும் தெரியுமா சார்?" என்றார்.

"அது சரி, பிரேக்கு?" என்று கேட்டேன்.

"அது இன்னா சார் பெரிய விஷயம்? பழைய இரும்புக் கடையிலே கெடைக்கிறதை மாட்டிக்கலாம்!"

இங்கேதான் வம்பு!

சோழவரம் தூரமா?

இந்த ஆசை இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. சென்னைக்குப் போகிற வழியில்தான் சோழவரம். உலகப் போர்க் கால விமான ஓடுபாதை. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல்லாண்டு பந்தயம் நடத்தியது. பழைய பியட், ஹெரால்டு உறுப்புகளைக் கொண்டு தாங்களே செய்த கார்களைக் கொண்டுவந்து ஓட்டியவர்கள் உண்டு. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை திறந்த பிறகு சோழவரம் ஓய்ந்தது.

நேர் பாதையில் யார் வேண்டுமானாலும் மிதிக்கலாம். வளைவு வந்தால்தான் தெரியும், எவன் காரைச் சரியாகக் கட்டினான் என்று!

கணக்கு இதுதான். 20 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் 3 மீட்டரில் நிற்கிற வண்டி, 40-ல் 12 மீட்டர் ஓடித்தான் நிற்கும். 60-ல் 27 மீட்டர்! வேகம் மூன்று மடங்கு. தூரம் ஒன்பது மடங்கு. குப்பத்துத் தெருவில் 27 மீட்டருக்குள் எத்தனை வாசல், எத்தனை குழந்தைகள்?

கதம்பம் கூடாது!

ஒரு காரின் மாஸ்டர் சிலிண்டர், இன்னொரு காரின் டிஸ்க், மூன்றாவது காரின் டிரம் என்று கதம்பம் கட்டாதீர்கள். மாஸ்டர் சிலிண்டரின் துளை பெரிதானால் பெடல் கல்லாக இருக்கும். சிறிதானால் தரை வரை இறங்கும். நீங்கள் செய்கிற காரின் எடைக்குப் பொருத்தமான ஒரே காரிலிருந்து முழு செட்டாக எடுப்பதே நல்லது.

அதிலும் ஒரு பொறி உண்டு. பிரேக் பிடித்தால் பாரம் முன்னுக்கு வரும். எனவே முன் சக்கரம்தான் அதிகம் உழைக்க வேண்டும். பின் சக்கரம் முதலில் இறுகினால் வண்டி பம்பரம்தான்! முன்னால் எஞ்சின் இருந்த காரின் பிரேக்கைப் பின்னால் எஞ்சின் வைத்த காருக்கு மாட்டினால் இந்தக் கணக்கு தலைகீழாகும்.

உப்புக் காற்று சும்மா விடுமா?

கரையோரத்தில் இரும்புக் குழாயை உப்பு அரித்துவிடும். செம்பு-நிக்கல் குழாய் தாங்கும். டிரம்முக்குள் தண்ணீரும் மணலும் புகுந்தால் பிடிப்பு போய்விடும். டிஸ்க் சீக்கிரம் காயும். ரப்பர் சீல், ஹோஸ், லைனிங் மூன்றையும் பழசில் வாங்கவே கூடாது.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது 230 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் ஏறினால் 155-லேயே கொதித்து, பெடல் பஞ்சாகிவிடும்! திறந்த டப்பாவைப் பந்தலில் வைத்து அடுத்த வருஷம் ஊற்றாதீர்கள். எஞ்சின் ஆயிலை ஊற்றினால் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும்.

மீன்பாடி வண்டியின் கதை

காரை விடுங்கள். அது ஒருவரின் ஆசை. வடசென்னையில் வயிற்றுப்பாட்டுக்காக ஓடுகிற மீன்பாடி வண்டியைப் பாருங்கள்! டிரைசைக்கிளில் பழைய ஸ்கூட்டர் எஞ்சின். பாரம் எல்லாம் முன்னால்; பிரேக்கோ பெரும்பாலும் பின் சக்கரத்துக்கு மட்டும்! மிதி வண்டியின் பிரேக், மோட்டார் வண்டியின் வேகத்துக்கு எப்படிப் போதும்?

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. பதிவில்லாத வண்டி பொதுச் சாலையில் ஓடக் கூடாது. கம்பெனி செய்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. ஆனால் வண்டியைப் பிடுங்கினால் மட்டும் போதுமா? மறுநாள் மீன் கூடையை யார் சுமப்பது?

போக்குவரத்துத் துறை இவர்களுக்கு முறையான சரக்கு வண்டிக்குக் கடன் கிடைக்க வழி செய்யட்டும். பாலிடெக்னிக்குகள் குப்பத்துப் பிள்ளைகளை அழைத்து பிரேக் வேலை சொல்லிக் கொடுக்கட்டும். கைத்திறன் இருக்கிறது, கணக்குதான் வேண்டும்.

கணக்குப் பார்க்காததன் விலை பழவேற்காட்டுக்குத் தெரியாததா? 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 உயிர் போனதை மறக்க முடியுமா?

அந்தப் பிள்ளையிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: "தம்பி, நங்கூரம் இல்லாம படகு எடுப்பியா?"

"அதெப்படி சார்!" என்றார்.

அதேதான் தம்பி. முதலில் பிரேக்கை முடி. அப்புறம் எஞ்சினை மாட்டு!