மழைக்கு அளவுகோல் உண்டு. உழவன் இழப்புக்கு இல்லையா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், 24 மணி நேரத்துக்குள் காயல்பட்டினத்தில் கொட்டிய மழை சுமார் 95 சென்டிமீட்டர். மழையை அளந்தாகிவிட்டது. அந்த மழையில் நெல்லை, தூத்துக்குடி உழவன் இழந்தது எத்தனை மூட்டை? அதை அளக்கும் கோல் எங்கே, தோழர்களே? தாராவியிலும் மாதுங்கா லேபர் கேம்ப்பிலும் வாழும் நமக்கு இது வேற்றூர்ச் செய்தி அல்ல. ஊரில் நம் வயல் இருக்கிறது. அதில் அண்ணனோ மைத்துனரோ பாடுபடுகிறார். நாம் அனுப்பிய பணம் அங்கே விதையாகக் கிடக்கிறது.

அரசின் கணக்கைப் பாருங்கள். பேரிடர் நிவாரண விதிப்படி பயிர்ச்சேதம் 33 விழுக்காட்டைத் தொட்டால்தான் உதவி. 32 என்று எழுதிவிட்டால் சல்லிக்காசு கிடையாது. அந்த ஒரு விழுக்காட்டைத் தீர்மானிப்பது தராசா? இல்லை, வரப்பில் நின்று பார்க்கும் அதிகாரியின் கண்! அந்தக் கண் இரங்கினாலும், 2022 முதல் 2026 வரைக்கு வகுத்த விதியில் மானாவாரி நிலத்துக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய். ஏக்கருக்குச் சுமார் 3,440. உழவுக்கும் விதைக்குமே காணுமா இது?

“காப்பீடு இருக்கிறதே” என்பார்கள். 2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், முக்கியப் பயிருக்கு ஊராட்சிக்குக் குறைந்தது 4 இடங்களில் அறுத்து எடை போட வேண்டும். நெல்லுக்கு வழக்கமாக ஓரிடம் 5 மீட்டருக்கு 5 மீட்டர். நான்கும் சேர்ந்தால் 100 சதுர மீட்டர், அதாவது இரண்டரை சென்ட்! ஊர் முழுவதற்கும் தீர்ப்பெழுதுவதில் இந்த இரண்டரை சென்ட்டுக்குப் பெரும் பங்கு. மேட்டு வயலில் அறுத்தால் பள்ளத்து வயல்காரன் கதி என்ன?

இன்னொன்று. கிடைத்த விளைச்சலை, கடந்த 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிடுகிறார்கள். அதிலும் 70, 80 அல்லது 90 விழுக்காட்டுக்குத்தான் உத்தரவாதம். கெட்ட ஆண்டு இரண்டோடு நின்றால் சரி. மூன்றாவது கெட்ட ஆண்டு சராசரிக்குள் நுழைந்து அதைக் கீழே இழுக்கும். பருவம் தப்பத் தப்ப இழப்பே இயல்பாகிவிடும், இழப்பீடு தேயும். பூமி சூடாவதற்கு உழவனா அபராதம் கட்டுவது?

கண்ணுக்குத் தெரியாத சேதமும் உண்டு. 2022 பிப்ரவரியில் கோதுமை விளைச்சல் 11.13 கோடி டன் என்று மத்திய அரசு மதிப்பிட்டது. மார்ச் மாத வெயிலில் பஞ்சாபிலும் அரியானாவிலும் பயிர் நின்றபடியே நின்றது. மணி மட்டும் சுருங்கியது. மே 13 அன்று ஏற்றுமதிக்குத் தடை. அதே மாதத்தில் மதிப்பீடு 10.64 கோடி டன்னாகக் குறைந்தது. நாட்டின் கணக்கைத் திருத்த மூன்று மாதம் போதும். உழவன் கணக்கைத் திருத்த எந்த வாசலில் நிற்பது?

ரயில்வே எழுத்தனாக ஒன்று சொல்கிறேன். 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 81ஆம் பிரிவின்படி, சரக்கு சேதமாகி வந்தால், பெறுபவர் கேட்கும்போது அதைத் திறந்து காட்டியே ஒப்படைக்க வேண்டும். இழப்பீடு கேட்க 106ஆம் பிரிவு ஆறு மாதம் தருகிறது. பயிர்க் காப்பீட்டில் ஆலங்கட்டி மழை போன்ற சேதத்துக்கு 72 மணி நேரம்! மும்பையிலிருந்து நெல்லை போய்ச் சேரவே அதில் ஒரு நாளுக்கு மேல் ஓடிவிடும். துணிமூட்டைக்கு உள்ள மரியாதை நெல்மூட்டைக்கு இல்லையா?

ஆகவே கேட்கிறோம்: அளவெடுப்பு உழவர் முன்னிலையில் நடக்க வேண்டும். சர்வே எண்வாரியாகச் சேதப் பட்டியலைக் கிராமசபையில் வாசிக்க வேண்டும். மறு அளவைக்கு வழி வேண்டும். அடங்கலில் உண்மையாக உழுபவர் பெயர் ஏற வேண்டும்.

கடைசிக் கோரிக்கை நமக்கே. பட்டா நம் பெயரில், பாடு குத்தகைக்காரர் தலையில் என்றால், நம் கணக்குக்கு வரும் நிவாரணம் அவருடையது. அதை விழுங்கிவிட்டு அதிகாரியை ஏசக் கூடாது. மே மாதம் பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறோம். மே 1 கிராமசபை நாள். கல்யாண வீடுகளுக்குப் போகுமுன் அங்கே போய் உட்காருங்கள்; பட்டியலைக் கேளுங்கள். கேட்காதவன் இழப்பை எவனும் எழுதமாட்டான்!